பின்சீட்டில் உட்காருகிறவர்களின் காலம்

“இப்பவே எடுத்துரலாமா, இல்ல புது மாடல் வரட்டும்னு பொறுத்திருக்கலாமா?”

தேனியின் ஷோரூம்களிலும், போடியில் ஏலக்காய் வியாபாரிகள் கூடும் டீக்கடைகளிலும், சின்னமனூர் வாழை மண்டிகளிலும் இந்தக் கேள்வி இன்று சாதாரணமாகப் புழங்குகிறது. கேட்பவருக்கு இது வெட்டிப்பேச்சு இல்லை. வீடு கட்டுவதற்கும் பிள்ளைகள் கல்யாணத்துக்கும் அடுத்தபடியாக ஒரு குடும்பம் மொத்தமாக எடுத்து வைக்கும் பணம் காருக்குத்தான் போகிறது. அதிலும் ஐந்து பேர் உட்காரும் நடுத்தர எஸ்.யு.வி. என்றால் பத்துப் பதினொரு லட்சத்தில் தொடங்கி இருபது லட்சத்தைத் தொட்டுவிடும். ஐந்து வருடத் தவணை, ஏழு வருடத் தவணை என்று வீட்டு வருமானத்தில் ஒரு பங்கை அது நெடுங்காலத்துக்கு எழுதி வாங்கிக்கொள்கிறது. “உங்க இஷ்டம்” என்று சொல்லி நகர்ந்துவிட எனக்கு மனம் வரவில்லை. இந்தப் பள்ளத்தாக்கின் மனிதர்கள் தண்ணீருக்குக் காத்திருந்தவர்கள், ரயிலுக்குக் காத்திருந்தவர்கள், விளைந்ததற்கு விலை வரக் காத்திருந்தவர்கள். காருக்குக் காத்திருப்பதையும் அந்த அனுபவத்தை வைத்தே யோசித்துப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

இங்கே பழைய குடும்ப வண்டி ஜீப்தான். கம்பம், கூடலூர், போடி விவசாயிகளில் பலருக்கு வீடு கீழே இருக்கும். ஏலத்தோட்டம் மேலே இடுக்கி மாவட்டத்தில், வண்டன்மேட்டிலோ உடும்பன்சோலையிலோ சாந்தன்பாறையிலோ இருக்கும். விடிவதற்கு முன்பே தோட்ட வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு, போடிமெட்டு, குமுளி என்று மூன்று மலைச்சாலைகளிலும் ஜீப்புகள் ஏறும். உர மூட்டை சுமக்கும் அதே ஜீப்தான் சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவுக்கும், சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்கும், அவசரத்துக்கு ஆஸ்பத்திரிக்கும் குடும்பத்தை ஏற்றிப் போகும். நாடு விடுதலை பெற்ற காலத்தில் பம்பாயில் ஜீப் தயாரிக்கத் தொடங்கிய மகிந்திரா, அதன் அடிப்படை உருவத்தைப் பல பத்தாண்டுகளுக்கு மாற்றவில்லை. அப்பா ஓட்டிய வண்டியும் மகன் வாங்கிய வண்டியும் ஏறத்தாழ ஒன்றுதான். பணம் இருந்தால் வாங்குவார்கள், இல்லையென்றால் இருப்பதையே பட்டறையில் விட்டு ஓட்டுவார்கள். அடுத்த உருவம் எப்படி இருக்கும் என்று யாரும் யோசித்ததில்லை.

நகரத்துக்காரர்கள் அந்தக் காலத்தில் காத்திருந்தது வேறு விதம். அம்பாசிடருக்கும் பிரீமியர் பத்மினிக்கும் பஜாஜ் ஸ்கூட்டருக்கும் முன்பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் கடிதத்தை எதிர்பார்த்திருந்தார்கள். 1983 டிசம்பர் 14 அன்று மாருதி 800 வந்த பிறகும் வரிசை உடனே மறைந்துவிடவில்லை. ஆனால் வரிசையில் நின்றவருக்குத் தான் எதற்காக நிற்கிறோம் என்பது தெரியும். 1958இல் வந்த அம்பாசிடர் 2014வரை பெரிதாக முகம் மாறாமலே உருவாகிக்கொண்டிருந்தது. பொருள் இருந்தது, கைக்கு வரத்தான் நாளாகும். இன்று பொருள் ஷோரூமில் துடைத்துப் பளபளப்பாக நிற்கிறது. பணம் கட்டினால் சில வாரங்களில் வாசலுக்கு வந்துவிடும். இருந்தும் நாம் நிற்கிறோம், இன்னும் யாரும் பார்க்காத ஒன்றுக்காக. உடம்பெல்லாம் கறுப்பு வெள்ளைச் சித்திரம் ஒட்டி மறைத்த சோதனை வண்டியின் மங்கலான படம் ஒன்று செல்பேசிக்கு வருகிறது. அதைப் பார்த்துவிட்டு, கையில் எடுத்த செக்கைத் திரும்ப வைத்துவிடுகிறோம்.

இந்தப் பழக்கம் நமக்கு வந்தது அண்மையில்தான். 2012 ஜூலையில் ஒரகடத்திலிருந்து ரெனோ டஸ்டர் வந்தது. 2015 ஜூலையில் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் கிரெட்டா. 2019 ஆகஸ்டில் ஆந்திரத்தின் பெனுகொண்டாவிலிருந்து கியா செல்டாஸ். மலையும் ஏறும், தேனியின் குறுகலான தெருவில் வீட்டு வாசலிலும் நிற்கும் என்பதால் இந்த அளவு வண்டி இங்கே சட்டென்று பிடித்துப்போனது. வண்டியோடு சேர்ந்து கம்பெனிகளின் காலண்டரும் வீட்டுக்குள் வந்துவிட்டது. மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை முகம் மாறும், ஐந்தாறு ஆண்டுக்கு ஒருமுறை வண்டியே மாறும் என்பது அந்தக் காலண்டர்.

இந்த இரண்டு மாற்றங்களையும் பிரித்துப் பார்க்காமல் காத்திருப்பவர்கள்தான் அதிகம். கிரெட்டா 2020 மார்ச்சில் முழுக்கப் புதிதாக வந்தது. 2024 ஜனவரியில் வந்தது அதன் முகமாற்றம். செல்டாஸ் 2023 ஜூலையில் முகம் மாறியது, 2026 ஜனவரியில் அடுத்த தலைமுறையாக விற்பனைக்கு வந்தது. முகம் மாறும்போது விளக்கு, பம்பர், உள்ளே திரை, இருக்கைத் துணி இவை மாறும். சில பாதுகாப்பு வசதிகள் கூடுவதும் உண்டு, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் இரும்புக்கூடு பழையதுதான், உட்காரும் இடமும் அதே இடம்தான். தலைமுறை மாறும்போதுதான் கூடு மாறுகிறது. புதிய செல்டாஸின் நீளம் முந்தியதைவிட 95 மில்லிமீட்டர் கூடியது. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையில் இருந்த 2,610 மில்லிமீட்டர் 2,690 ஆனது. இன்ஜின்கள் மட்டும் முன்பிருந்த அதே மூன்று: 1.5 லிட்டர் பெட்ரோல், 1.5 டர்போ பெட்ரோல், 1.5 டீசல். காத்திருந்தவருக்குக் கிடைத்ததை ஒரே வரியில் சொன்னால், சக்கரங்களுக்கு நடுவில் நான்கு விரல் அகலம்.

நான்கு விரல் அகலம் பெரிய விஷயமா? ஓட்டுகிறவருக்கு இல்லை. பின்னால் உட்காருகிறவருக்கு உண்டு. அதை நான் ஒரு ஷோரூமில் கண்ணால் பார்த்தேன். சொந்தக்காரர் ஒருவர் குடும்பத்தோடு வண்டி பார்க்க வந்திருந்தார், என்னையும் கூப்பிட்டிருந்தார். அவர் முன்சீட்டில் திரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். மகன் சன்ரூஃபைத் திறந்து மூடிக்கொண்டிருந்தான். எழுபதைத் தாண்டிய அவருடைய அம்மா பின்கதவுப் பக்கம் தனியாக நின்றார். இடது கையால் கதவின் மேல்விளிம்பைப் பிடித்துக்கொண்டு வலது காலைத் தூக்கினார். முழங்கால் பாதியில் நின்றுவிட்டது. கீழே வைத்துவிட்டு, வண்டிக்கு முதுகைக் காட்டித் திரும்பி, முதலில் இருக்கையின் ஓரத்தில் உட்கார்ந்து, பிறகு ஒவ்வொரு காலாகக் கையால் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டார். சேலைக் கொசுவம் கதவில் மாட்டியதை விற்பனைப் பையன் எடுத்துவிட்டான். முன்சீட்டின் முதுகு அவர் முழங்காலில் இடித்தது.

“வசதியா இருக்காம்மா?” என்று பையன் கேட்டான்.

“ஏறிட்டேன் தம்பி. எறங்குறதுதான் பயமா இருக்கு.”

“அடுத்த மாடல்ல பின்னாடி எடம் இன்னும் கூட வரும்மா.”

“அது எப்ப வரும்?”

“வருசக் கடைசிக்குள்ள வந்துரும்னு பேசிக்கிறாங்க.”

அந்த அம்மா மகனைப் பார்த்துச் சொன்னார்: “ஒங்களுக்கு எது தோதோ அதச் செய்யிங்கப்பா. அதுவரைக்கும் நான் பஸ்ல போய்க்கிறேன்.”

அவர் குறையாகச் சொல்லவில்லை. பிள்ளைகளின் முடிவுக்குத் தான் இடைஞ்சலாக இருக்கக் கூடாது என்ற நினைப்பில் வந்த பேச்சு அது. ஆனால் இந்தக் கேள்வியின் மையம் அங்கேதான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. அவருக்கு அந்த நான்கு விரல் இடம் வேண்டும். அதற்காகக் காத்திருக்கும் மாதங்களும் அவருடையவைதான்.

காத்திருக்க நியாயமான இன்னொரு காரணம் பாதுகாப்பு. முதல் தலைமுறை செல்டாஸை 2020இலும் இரண்டாம் தலைமுறை கிரெட்டாவை 2022இலும் குளோபல் என்கேப் அமைப்பு மோதிச் சோதித்தது. இரண்டுக்கும் பெரியவர்கள் பாதுகாப்பில் கிடைத்தவை மூன்று நட்சத்திரங்கள்தான். 2023 அக்டோபரில் பாரத் என்கேப் தொடங்கிய பிறகு உள்நாட்டிலேயே இந்தச் சோதனை நடக்கிறது, வாங்குகிறவர்களும் நட்சத்திரத்தைக் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். கூடு மாறினால்தான் இதில் பெரிய மாற்றம் வரும், பம்பர் மாறுவதால் வராது. மலையடிவாரத்தில் வாழ்கிறவர்களுக்கு இது ஏட்டுப் பேச்சு அல்ல. 2022 டிசம்பரில் சபரிமலை போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்த ஆண்டிபட்டிப் பக்கத்துப் பக்தர்களின் வண்டி, குமுளி மலைச்சாலையில் இரைச்சல்பாலம் அருகே பள்ளத்தில் விழுந்தது. எட்டுப் பேர் இறந்துபோனார்கள். கார்த்திகை, மார்கழியில் அந்தச் சாலையைக் கடக்கும்போதெல்லாம் நினைவுக்கு வரும் சாவுகள் அவை. அதிகப் பாதுகாப்புள்ள வண்டிக்காகச் சில மாதம் பொறுப்பேன் என்று ஒருவர் சொன்னால் அவரை மறுக்க என்னிடம் வார்த்தை இல்லை. அவரிடம் கேட்க ஒன்று மட்டும் உண்டு. அந்தச் சில மாதங்கள் குடும்பம் எந்த வண்டியில் போகும்? ஏர்பேக் இல்லாத, பிரேக் தேய்ந்த பழைய வண்டியில் என்றால், ஆபத்தைத் தள்ளிவைப்பதாக நினைத்து அதனுள்ளேயே அவர்களை உட்கார வைத்திருக்கிறோம்.

புதிதாக வருவது எல்லா விதத்திலும் கூடுதலாக இருக்கும் என்ற நம்பிக்கையையும் சோதித்துப் பார்க்க வேண்டும். முதல் கிரெட்டாவின் 1.6 லிட்டர் டீசல் இன்ஜின் 128 குதிரைத்திறன் தந்தது. 2020இல் புகைக்கட்டுப்பாட்டு விதி பி.எஸ். 6க்கு மாறியபோது அந்த இன்ஜின் போனது, அதன் இடத்தில் 115 குதிரைத்திறன் கொண்ட 1.5 லிட்டர் வந்தது. வண்டி நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஐந்து பேரையும் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு போடிமெட்டின் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுகிறவர், அந்த இன்ஜினைப் பொறுத்தவரை பழையதையே நன்றாக நினைவில் வைத்திருப்பார்.

டஸ்டரின் கதை இன்னும் கடுமையானது. அதன் இரண்டாம் தலைமுறை 2017இல் வெளிநாட்டில் காட்டப்பட்டது. இங்கே டஸ்டர் வைத்திருந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டு, ‘அது வரட்டும், மாத்திக்கலாம்’ என்று இருந்தார்கள். அது இந்தியாவுக்கு வரவே இல்லை. 2022இல் பழைய டஸ்டரும் விற்பனையிலிருந்து போய்விட்டது. மூன்றாம் தலைமுறை இந்தியாவில் காட்டப்பட்டது 2026 ஜனவரி 26 அன்று. நடுவில் ஒரு தலைமுறை முழுதாகக் கடந்து போயிற்று. கம்பெனிக்கு அது வியாபார முடிவு. காத்திருந்த வீட்டுக்கு எட்டு வருடம்.

விலையைச் சொல்லிக் காத்திருப்பவர்களும் உண்டு. கொஞ்சம் பொறுத்தால் விலை இறங்கும் என்பார்கள். சமீபத்திய இரண்டு நிகழ்வுகள் இரண்டு விதமாகத் தீர்ப்புச் சொல்லியிருக்கின்றன. 2023இன் பிற்பகுதியில் பலர் கிரெட்டாவின் புதிய முகத்துக்காகப் பணத்தை வைத்துக்கொண்டு இருந்தார்கள். அந்த நவம்பரில் தமிழ்நாடு அரசு வாகன ஆயுள்வரியை உயர்த்தியது. பத்து லட்சத்துக்கு மேல் இருபது லட்சம் வரையிலான கார்களுக்கு 15 சதவீதமாக இருந்தது 18 சதவீதம் ஆனது. பதினைந்து லட்ச ரூபாய் மதிப்புக்கு அந்த மூன்று சதவீதம் 45 ஆயிரம் ரூபாய். ஜனவரியில் புது முகம் வந்தபோது, பொறுத்திருந்தவர்கள் அதற்குச் சேர்த்து இதையும் கட்டினார்கள். 2025இல் நடந்தது இதற்கு நேர்மாறு. ஆகஸ்ட் 15 அன்று பிரதமர் ஜி.எஸ்.டி. குறைப்பை அறிவித்தார். வாங்குகிறவர்கள் கையைக் கட்டிக்கொண்டார்கள், ஷோரூம்கள் வெறிச்சோடின. செப்டம்பர் 22 முதல், இந்த வகை வண்டிகளுக்கு 45 முதல் 50 சதவீதம் வரை இருந்த மொத்த வரி 40 சதவீதம் ஆனது. 45 சதவீத வரியோடு பதினைந்து லட்சத்துக்கு விற்ற வண்டியின் விலை, வரிக் கணக்குப்படி ஏறத்தாழ ஐம்பதாயிரம் ரூபாய் இறங்கியது.

முன்னவர்கள் ஏமாளிகளும் இல்லை, பின்னவர்கள் கெட்டிக்காரர்களும் இல்லை. வித்தியாசம் ஒன்றுதான். 2025இல் காத்திருந்தவர்கள் அரசு வாய்விட்டுச் சொன்ன ஒன்றுக்காகக் காத்திருந்தார்கள், செப்டம்பர் தொடக்கத்தில் தேதியும் தெரிந்துவிட்டது. 2023இல் காத்திருந்தவர்கள் ஒரு விஷயத்தை எதிர்பார்த்து நிற்கையில் வேறொன்று வந்து விழுந்தது. 2020 மார்ச் மத்தியில் புதிய கிரெட்டா வந்த சில நாட்களில் நாடே ஊரடங்கில் மூடப்பட்டதையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். புது மாடல் வந்துவிட்டாலும் அது உடனே நம் கைக்கு வந்துவிடுவதில்லை. 2021 அக்டோபர் 7 அன்று மகிந்திரா எக்ஸ்.யு.வி. 700க்கு முன்பதிவு தொடங்கியபோது, அறிமுக விலையில் கொடுக்க ஒதுக்கிய 25 ஆயிரம் வண்டிகளும் 57 நிமிடத்தில் தீர்ந்தன. மின்சில்லுத் தட்டுப்பாடு உலகமெங்கும் இருந்த நேரம் அது. சில வகைகளுக்கு ஓராண்டுக்கும் மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. அறிமுகத்துக்குக் காத்திருந்து, பிறகு டெலிவரிக்குக் காத்திருந்து, கடைசியில் கூடிய விலையைக் கொடுத்தவர்கள் எத்தனையோ பேர்.

இந்தப் பள்ளத்தாக்கில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. மாதச் சம்பளம் வாங்குகிறவருக்கு இந்த வருடம் இல்லாவிட்டால் அடுத்த வருடம். ஏலக்காய்க் காசு அப்படி வருவதில்லை. 2018இன் பெருவெள்ளமும் அதை அடுத்து வந்த வறட்சியும் இடுக்கித் தோட்டங்களின் விளைச்சலைக் குறைத்தன. 2019 ஆகஸ்டில் ஏலத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. செல்டாஸ் விற்பனைக்கு வந்தது அதே மாதம். 2022இல் சராசரி விலை ஆயிரத்துக்கும் கீழே போய்விட்டது. தோட்டத்தில் உரம் வைக்கவே யோசித்த காலம். 2019இல் கையில் காசு இருந்தும், முதல் மாடல் வேண்டாம், குறையெல்லாம் சரிசெய்து வரட்டும் என்று பொறுத்தவருக்கு, குறை சரிசெய்த முகமாற்றம் வந்த 2023இல் காசு இருந்திருக்குமா? கையில் இருக்கும்போதே வாங்கிப் போட்டுவிட வேண்டும் என்று இங்கே பெரியவர்கள் சொல்வது அனுபவத்தில் விளைந்த சொல். அதே பெரியவர்களிடம் ஒன்றைத் தயங்காமல் சொல்ல வேண்டியும் இருக்கிறது. நிலமும் நகையும் வாங்கிப் போட்டால் நிற்கும். கார் வாசலை விட்டு இறங்கிய நாளிலிருந்தே மதிப்பு குறையும் பொருள். தேவை இல்லாதபோது காசு இருக்கிறது என்பதற்காக அதை வாங்குவதும் தவறு, தேவை இருக்கும்போது இன்னும் நல்லது வரும் என்பதற்காகக் காசைக் கரைய விடுவதும் தவறு.

காத்திருப்பதில் நமக்கு உள்ள நல்ல பயிற்சி தண்ணீர். முல்லைப் பெரியாறு அணை 1895இல் திறக்கப்பட்டதிலிருந்து இந்தப் பள்ளத்தாக்கு அந்த நீரை எதிர்பார்த்தே ஆண்டை நகர்த்துகிறது. 14,707 ஏக்கர் இருபோக நெல்லுக்கு வழக்கமாக ஜூன் முதல் தேதி தண்ணீர் திறக்க வேண்டும். மே கடைசியில் கூடலூரிலும் உத்தமபாளையத்திலும் விவசாயிகள் கேட்டுக்கொள்வது ஒரே ஓர் எண்ணைத்தான்: அணையில் எத்தனை அடி? உச்ச நீதிமன்றம் 2014இல் அனுமதித்த உச்சம் 142 அடி என்பது இங்கே பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். இந்தக் காத்திருப்புக்கு அளவு இருக்கிறது, நாளும் இருக்கிறது. எவ்வளவு தாமதமானால் முதல்போக அறுவடை ஐப்பசி மழையில் மாட்டும் என்ற கணக்கும் இருக்கிறது. தண்ணீர் வருமென்று தெரிந்த பிறகே நாற்றுப் பாவுவார்கள். வதந்தியை நம்பி யாரும் விதைநெல்லை ஊற வைப்பதில்லை.

அளவும் நாளும் இல்லாத காத்திருப்பையும் இந்த மண் பார்த்திருக்கிறது. மதுரையிலிருந்து போடிக்கு ஓடிய மீட்டர்கேஜ் ரயில் 2010 டிசம்பர் கடைசியோடு நின்றது. அகலப்பாதையில் ரயில் தேனிக்குத் திரும்பியது 2022 மே மாதம், போடிக்கு வந்தது 2023 ஜூன். 2010இல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை, தேனியில் மறுபடி ரயில் சத்தம் கேட்டபோது பிளஸ் டூ பரீட்சை எழுதிக்கொண்டிருந்தது. அந்தப் பிள்ளையின் பள்ளிக்காலம் ஏறத்தாழ முழுவதும் ஊரில் ரயில் இல்லை. அந்தக் காத்திருப்பு நாம் தேர்ந்துகொண்டது இல்லை, நம் தலையில் வைத்தது. காருக்குக் காத்திருப்பது நாமே தேர்ந்துகொள்வது. ஆகவே அதற்கு எல்லை வைக்கும் பொறுப்பும் நம்முடையது.

அந்த எல்லையை எங்கே வைப்பது? என் மனதில் இருக்கும் கணக்கு இது. ஒரு மாடலின் தலைமுறை ஐந்தாறு ஆண்டுகள். ஒரு பிள்ளை ஏழாம் வகுப்பில் நுழைந்து பிளஸ் டூ முடிக்க ஆகும் காலமும் அதுதான். அதற்குப் பிறகு கோயம்புத்தூரோ சென்னையோ, படிப்பு, வேலை என்று போய்விடும்; தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வந்து திரும்பும். பின்சீட்டில் ஒரு பக்கம் பாட்டி, ஒரு பக்கம் பேரன், நடுவில் தூங்கி விழும் சின்னது என்று ஒரு குடும்பம் முழுதாக ஒரே வண்டியில் உட்காரும் ஆண்டுகள் அவ்வளவுதான். சுருளி அருவிக்கும், மேகமலைக்கும், க.விலக்கு அரசு மருத்துவமனைக்கும் அந்த வண்டி ஓடும் காலம் அதுதான். அதில் இரண்டு ஆண்டைக் காத்திருப்பில் கழித்தால் மூன்றில் ஒரு பங்கு போயிற்று. கம்பெனி தன் வண்டியை மறுபடி வடிவமைத்துக்கொள்ளும். பாட்டியின் முழங்காலுக்கு அடுத்த தலைமுறை கிடையாது.

குடும்ப வண்டி என்று நாம் பேசுவதெல்லாம் பெரும்பாலும் ஓட்டுகிறவரின் ஆசையைப் பற்றியது. திரை எத்தனை அங்குலம், முகப்பு எப்படி இருக்கிறது, பக்கத்து வீட்டுக்காரர் எதை வாங்கியிருக்கிறார் என்பதெல்லாம் முன்சீட்டுக் கேள்விகள். ஆசை தப்பு என்று நான் சொல்லவில்லை. உழைத்துச் சேர்த்தவருக்கு அழகான ஒன்றை வைத்துக்கொள்ளும் உரிமை உண்டு. ஆனால் காத்திருப்பதன் செலவைப் பின்சீட்டில் இருப்பவர்கள் கொடுக்கிறார்கள் என்றால், முடிவில் அவர்களுக்கும் ஒரு குரல் இருக்க வேண்டும்.

ஆகவே என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். அடுத்த மாடலின் தேதியையும் விலையையும் கம்பெனியே அறிவித்திருக்க வேண்டும். ஒரு போகத்துக்குள், அதாவது நான்கு மாதத்துக்குள், வண்டி கைக்கு வர வேண்டும். வருகிற மாற்றம் கூட்டிலும் பின்சீட்டிலும் இருக்க வேண்டும். மூன்றும் இருந்தால் தாராளமாகக் காத்திருங்கள். ஒன்று குறைந்தாலும் இன்று கிடைப்பதில் சோதனையில் நல்ல நட்சத்திரம் வாங்கிய, இந்த மலைச்சாலைகளில் சில ஆண்டு ஓடித் தேறிய வண்டியை எடுத்துவிடுங்கள். வாங்கிய மறுமாதம் புது முகம் வந்தால் வரட்டும். முன்பணம் கட்டுவதற்கு முன்னால் ஒன்றை மட்டும் மறக்காமல் செய்யுங்கள். வீட்டில் மூத்தவரை ஷோரூமுக்கு அழைத்துப் போய், பின்கதவைத் திறந்து, முதலில் அவரை ஏறி இறங்கச் சொல்லிப் பாருங்கள். அவர் சிரமமில்லாமல் இறங்கிவிட்டால் அந்த வண்டியை வாங்கலாம்.